மாணவர் படை ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சி

மாணவர் படை ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சி என்பது பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கொண்ட படைப்பயிற்சி அமைப்புகள் தம் உறுப்பினர்களுக்கு அளிக்கும் சாகசப் பயிற்சிகளுள் ஒன்றாகும். காற்று உருளையை முதுகில் சுமந்து, நீருக்கடியில் மூச்சுவிட்டபடியே நீந்துவதை இது கற்பிக்கிறது. இந்தியாவில் தேசிய மாணவர் படை (என்.சி.சி.) கடற்படைப் பிரிவின் நீர்சார் பயிற்சிகளான படகோட்டம், பாய்மரப் படகு, அலைச்சறுக்கு ஆகியவற்றுடன் இதுவும் இடம்பெறுகிறது. பிரித்தானியாவில் பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படையும் இதனைத் தன் சாகசப் பயிற்சிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

இப்பயிற்சியின் நோக்கம் போர் முக்குளிப்பர்களை உருவாக்குவது அன்று. அதற்கெனக் கொச்சியில் இந்தியக் கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி தனியே உள்ளது. மாணவர்களுக்குரிய பயிற்சி பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லைக்குள், பெரும்பாலும் 18 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் நடைபெறுகிறது. தன்னம்பிக்கை, குழுவுணர்வு, நெருக்கடியில் பதறாத மனம் ஆகியவற்றை வளர்ப்பதே இதன் குறிக்கோள்.

## பெயர்

ஸ்கூபா என்பது 'தன்னிறைவான நீரடி மூச்சுக் கருவி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல். மேலிருந்து குழாய் வழியே காற்றுப் பெறும் பழைய முறையைப் போலன்றி, முக்குளிப்பவர் தமக்கு வேண்டிய காற்றைத் தாமே எடுத்துச் செல்வதால் இப்பெயர் ஏற்பட்டது. தமிழில் ஸ்கூபா டைவிங், ஆழ்கடல் நீச்சல், முக்குளிப்பு ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன. முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் ஆகிய பழந்தொழில்களின் பெயர்களில் வரும் 'குளித்தல்' என்பதும் நீரில் மூழ்குதலையே குறிக்கும்.

## வரலாறு

### மாணவர் படைகள்

இந்தியாவில் மாணவர்களுக்குப் படைப்பயிற்சி அளிக்கும் முறை 1917 ஆம் ஆண்டின் பாதுகாப்புப் படைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 1920 இல் இது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாற்றியமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னர், குன்சுரு குழுவின் பரிந்துரையின்படி 1948 இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1949 இல் மாணவியர் பிரிவும், 1950 இல் வான்படைப் பிரிவும், 1952 இல் கடற்படைப் பிரிவும் தொடங்கப்பட்டன. 1962 சீனப் போரை அடுத்து 1963 இல் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டு, 1968 இல் மீண்டும் விருப்பப் பயிற்சியானது. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய மூன்றும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே இயக்ககத்தின் கீழ் வருகின்றன.

### முக்குளிப்புக் கருவி

இன்றைய ஸ்கூபா கருவியின் முன்னோடி 1943 இல் பிரான்சு நாட்டின் கடற்படை அதிகாரி இழாக்கு கூசுட்டோவும் பொறியாளர் எமில் கன்யானும் உருவாக்கிய 'அக்குவா லங்' ஆகும். மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தரும் ரெகுலேட்டரே இதன் சிறப்பு. 1953 இல் பிரித்தானிய முக்குளிப்புக் கழகமான பி.எஸ்.ஏ.சி.யும், 1966 இல் அமெரிக்காவில் 'பாடி' அமைப்பும் தோன்றிய பின்னர், பொதுமக்களும் மாணவர்களும் கற்கத்தக்க பாடத்திட்டங்கள் உருவாயின.

தமிழகத்தில் இக்கருவி விளையாட்டுக்கு முன்பே ஆய்வுக்குப் பயன்பட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1960களில் தூத்துக்குடிக் கடலில் மூழ்கி, முத்துப் படுகைகளையும் கடலடி உயிரினங்களையும் நேரில் கண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர்.

### இரு சகோதரர்கள்

மாணவர் படை, பாதுகாப்பான முக்குளிப்பு ஆகிய இரண்டின் வரலாறும் 1908 ஆம் ஆண்டில் ஒரே குடும்பத்தில் சந்திக்கின்றன. அவ்வாண்டு பிரித்தானியப் போர் அமைச்சராக இருந்த ரிச்சர்டு ஆல்டேன் தம் படைச் சீர்திருத்தங்களின் பகுதியாக அதிகாரிகள் பயிற்சிப் படையை நிறுவினார். அதே ஆண்டில் அவருடைய தம்பியும் உடலியங்கியல் அறிஞருமான ஜான் ஸ்காட் ஆல்டேன், முக்குளிப்பவர் எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்பதைக் கணக்கிட்டுக் கூறும் முதல் அட்டவணைகளைத் தம் குழுவினருடன் வெளியிட்டார்.

## அறிவியல் அடிப்படை

பயிற்சியின் விதிகள் பெரும்பாலும் இரண்டு இயற்பியல் விதிகளிலிருந்து பிறந்தவை. இவை மேனிலைப் பள்ளிப் பாடத்தில் உள்ளவையே.

### பாயில் விதி

மாறா வெப்பநிலையில் வளிமத்தின் கன அளவு அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கீழுள்ள அட்டவணையின் கடைசி நிரல், 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய காற்றுக்கு உரியது. 50 பார் இருப்பாக ஒதுக்கப்பட்டது. நீர்மட்டத்தில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைப் பயன்படுத்துபவர் எனக் கொள்ளப்பட்டது. இறங்கவும் ஏறவும் ஆகும் நேரம் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

| ஆழம் (மீட்டர்) | அழுத்தம் (வளிமண்டலம்) | 10 லிட்டர் பலூனின் கன அளவு (லிட்டர்) | காற்று நீடிக்கும் நேரம் (நிமிடம்) |
|---|---|---|---|
| 0 | 1 | 10 | 90 |
| 10 | 2 | 5 | 45 |
| 20 | 3 | 3.3 | 30 |
| 30 | 4 | 2.5 | 22 |

இவ்வட்டவணையிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மிகப்பெரிய மாற்றம் மேலுள்ள 10 மீட்டரிலேயே நிகழ்கிறது. அங்கே நுரையீரல் நிறைய மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து எழும்போதுகூட இக்காயம் ஏற்படலாம். எனவே, கழுத்தளவு நீருள்ள நீச்சல்குளமும் இப்பயிற்சியில் பாதுகாப்பான இடமாகக் கருதப்படுவதில்லை. 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பது முதல் நாளின் முதல் விதி. நீந்தத் தெரிந்த மாணவர் இதனை வருந்தியே கற்கவேண்டியுள்ளது. நீருக்குள் மூச்சை அடக்குவது அவருக்குச் சிறுவயது முதல் பழகிப்போன செயல்.

இரண்டாவது, காற்று எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது ஆழத்தை மட்டுமன்றி மன அமைதியையும் பொறுத்தது. அச்சத்தால் மூச்சின் அளவு இருமடங்கானால், 20 மீட்டரில் 30 நிமிடம் என்பது 15 நிமிடமாகிவிடும்.

### என்றி விதி

அழுத்தம் கூடும்போது நீர்மத்தில் கரையும் வளிமத்தின் அளவும் கூடும். ஆழத்தில் மூச்சுவிடுபவரின் குருதியிலும் திசுக்களிலும் நைட்ரசன் கூடுதலாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், திறந்த சோடாப் புட்டியில் குமிழிகள் எழுவதுபோல் அது உடலுக்குள் குமிழிகளாகப் பிரியும். மூட்டு வலி முதல் முடக்குவாதம் வரை உண்டாக்கும் இந்நிலை அழுத்தநீக்க நோய் எனப்படுகிறது. இதனைத் தவிர்க்க, நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவதும் வழக்கம்.

## தகுதி

தேசிய மாணவர் படையின் இளநிலைப் பிரிவில் பள்ளி மாணவர்கள் சேரலாம். 'பாடி' அமைப்பின் முழுமையான தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 15 வயது நிறைந்திருக்க வேண்டும். 10 முதல் 14 வயதுடையோருக்கு இளையோர் சான்றிதழ் உண்டு. 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை.

நீச்சல் தேர்வில் 200 மீட்டர் நீந்துவதும், எவ்வித உதவியுமின்றி 10 நிமிடம் மிதப்பதும் அடங்கும். இதில் வேகம் மதிப்பிடப்படுவதில்லை. மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை முதலியன பற்றிய வினாக்கள் உள்ளன. இவற்றுள் ஏதேனும் இருப்பின் மருத்துவரின் அனுமதி வேண்டும்.

சளி பிடித்தவர் முக்குளிக்கலாகாது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் அடைபட்டிருந்தால் செவியின் அழுத்தத்தைச் சமன்செய்ய இயலாது. முகாமுக்குத் தேர்வான மாணவர் வாய்ப்பை இழக்க அஞ்சிச் சளியை மறைப்பதும், மாத்திரை உட்கொண்டு மூழ்குவதும் பயிற்றுநர்கள் கவனிக்கவேண்டிய இடர்களாகும். நீருக்கடியில் மருந்தின் விளைவு தீர்ந்துவிட்டால், ஏறும்போது காற்று வெளியேற வழியின்றிச் செவிப்பறை பாதிக்கப்படும்.

## பயிற்சிக் கட்டங்கள்

பயிற்சி மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது.

வகுப்பறை. மேற்கூறிய இயற்பியல், கருவிகளின் அமைப்பு, காற்றுக் கணக்கு, கைச்சைகைகள் ஆகியன கற்பிக்கப்படுகின்றன.

நீச்சல்குளம். முகக்கண்ணாடியில் புகுந்த நீரை மூக்கின் வழி ஊதி வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்துதல், காற்றுத் தீர்ந்தவர் துணைவரின் மாற்று ரெகுலேட்டரில் மூச்சுவிடுதல், மிதவைச் சட்டையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் மேலும் கீழும் போகாமல் நிற்றல் ஆகியவை பழக்கப்படுகின்றன. முகக்கண்ணாடியை முழுதும் கழற்றி மாட்டும் பயிற்சியே பலருக்குக் கடினமானது. கண்ணும் மூக்கும் நீரில் இருக்க, வாயால் மட்டும் மூச்சுவிட மனம் எளிதில் இசைவதில்லை.

கடல். குளத்தில் செய்தவை அனைத்தும் கடலில் மீண்டும் செய்துகாட்டப்படுகின்றன. 'பாடி' தொடக்கநிலைப் பாடத்தில் நான்கு கடல் முக்குளிப்புகள் உள்ளன. கடலில் ஒரு பயிற்றுநருக்கு 8 மாணவர்களுக்கு மேல் கூடாது. 24 பேர் கொண்ட குழுவுக்கு மூன்று பயிற்றுநர்கள் வேண்டும், அல்லது மூன்று முறைகளாகப் பிரிக்கவேண்டும். முகாம் சில நாட்களுக்கு நீள்வதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

## கைச்சைகைகள்

நீருக்கடியில் பேச்சு இயலாதாகையால் எல்லாம் சைகையால் உணர்த்தப்படுகின்றன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர்ந்தால் 'நலம்' என்று பொருள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'மேலே செல்வோம்' என்று பொருள். தரையில் பாராட்டுக்கு வழங்கும் சைகை இங்கே முக்குளிப்பையே முடித்துவிடுமாதலால், புதியவர்கள் இதில் தவறுவதுண்டு. விரித்த கையை இருபுறமும் அசைத்தால் 'ஏதோ சரியில்லை'. கழுத்துக்குக் குறுக்கே கையை அறுப்பதுபோல் இழுத்தால் 'காற்று இல்லை'.

தமிழகத்தில் மாணவர் படையின் கட்டளை மொழிக்குத் தனி வரலாறு உண்டு. அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் இருப்பது மொழிப் போராட்டக் காலத்தில் எதிர்ப்புக்குள்ளானது. 1968 சனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் அக்கட்டளைச் சொற்களை நீக்கவேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. முக்குளிப்புச் சைகைகள் எம்மொழிக்கும் உரியவை அல்ல. வெவ்வேறு மாநில மாணவர்கள் கூடும் முகாம்களில் இது பெரும் வசதியாகும்.

## கட்டளையும் மறுப்பும்

படைப்பயிற்சியின் அடிப்படை கீழ்ப்படிதல். 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது தேசிய மாணவர் படையின் குறிக்கோளுரை. முக்குளிப்பிலோ, யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் கூறாமலேயே ஒரு முக்குளிப்பை நிறுத்தலாம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட மரபு. குழுவில் மிக இளையவர் கட்டைவிரலை உயர்த்தினாலும் அனைவரும் மேலே திரும்பவேண்டும். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளுதல் கூடாது.

இவ்விரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினாலும், இம்முரணைத் தீர்த்துவைப்பதே மாணவர் படை முக்குளிப்புப் பயிற்சியின் தனித்தன்மை எனலாம். அணிவகுப்புத் திடலில் பிழை செய்தவர் மீண்டும் செய்யலாம். 15 மீட்டர் ஆழத்தில் செவி வலிப்பதையும் காற்று குறைவதையும் முதலில் அறிபவர் அம்மாணவர் மட்டுமே. கட்டளையிடும் அதிகாரியால் அதனை உணரமுடியாது. 'முடியாது' என்று சொல்ல வெட்கப்பட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு கீழே செல்பவர் தம்மை மட்டுமன்றித் தம் துணைவரையும் இடருக்குள்ளாக்குகிறார். ஆகவே, நல்ல பயிற்றுநர்கள் குளத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் ஒருமுறையேனும் முக்குளிப்பை நிறுத்தச் சொல்லிப் பழக்குவர். ஏறும் வேகம், காற்று இருப்பு, ஆழ எல்லை ஆகியவற்றில் விதிக்குக் கீழ்ப்படிதலும், தன் உடல் தரும் எச்சரிக்கையை மறைக்காது வெளியிடுதலும் இங்கே ஒரே ஒழுக்கத்தின் இரு பகுதிகளாகக் கொள்ளப்படுகின்றன.

### துணைவர் முறை

முக்குளிப்பவர்கள் எப்போதும் இருவர் இருவராகவே செல்வர். நீரில் இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்ப்பார். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பிலும் இத்தகைய முறை இருந்தது. கல்லைக் காலில் கோத்து மூழ்குபவரின் கயிற்றைப் படகிலிருப்பவர் பிடித்திருப்பார்; கீழிருந்து கயிறு அசைக்கப்பட்டதும் மேலே இழுப்பார். கயிற்றைப் பிடிப்பவர் மூழ்குபவரின் மச்சானாக இருப்பதே வழக்கம் என்ற செய்தி அப்பகுதியில் வழங்குகிறது. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் இருப்பதால் அவர் கவனம் சிதறமாட்டார் என்பது அதற்குக் கூறப்படும் விளக்கம். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுபோயிற்று.

## சென்னையும் அதன் கடலும்

சென்னையில் நீச்சல்குளக் கட்டத்திற்கு வாய்ப்புகள் மிகுதி. 1995 தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் நீர் விளையாட்டு வளாகம் கட்டப்பட்டது. மயிலாப்பூரை அடுத்த மெரினா கடற்கரையிலும் பொது நீச்சல்குளம் உள்ளது.

நகரை ஒட்டிய கடல், தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்றதன்று. மெரினாவிலிருந்து பெசன்ட் நகர் வரையான கரையில் அலைகள் நேராக மோதுகின்றன. கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும் இழுப்பு நீரோட்டம் வலிமையானது. கூவமும் அடையாறும் கலக்கும் இடங்களில் நீர் கலங்கியுள்ளது. கரையோர நீரோட்டம் மணலைத் தொடர்ந்து நகர்த்துவதால் அடித்தளம் தெளிவாகத் தெரிவதில்லை. மெரினாவில் கடலில் இறங்கிக் குளிக்கத் தடை உள்ளது. பெசன்ட் நகர் எலியட்சு கடற்கரையிலுள்ள வெண்ணிற நினைவுச் சின்னம், 1930 இல் நீரில் மூழ்கியவர்களைக் காக்கச் சென்று உயிர்நீத்த டென்மார்க்கு நாட்டு மாலுமி சிமித்து என்பவருக்காக எழுப்பப்பட்டது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். பருவமழை ஓய்ந்து கடல் அமைதியடையும் ஆண்டின் முற்பகுதியே இக்கரையில் முக்குளிப்புக்கு உகந்தது.

## பயண இடங்கள்

- புதுச்சேரி: சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. கரைக்கு அப்பால் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் 'டெம்பிள் ரீஃப்' எனப்படும் செயற்கைத் திட்டு உள்ளது.
- அந்தமான் தீவுகள்: தெளிந்த நீரும் பவளத் திட்டுகளும் உள்ளன. 2018 இல் சுவராச் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஆவலாக்கு முதன்மையான முக்குளிப்பு மையம். சென்னையிலிருந்து வானூர்தியில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலும், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட்களும் ஆகும்.
- இலட்சத்தீவு: கடமத்து, பங்காரம் ஆகிய தீவுகளின் காயல்கள் ஆழம் குறைந்தவையாதலால் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை.
- மன்னார் வளைகுடா: 21 தீவுகளைக் கொண்ட இப்பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதியாகையால் வனத்துறையின் அனுமதியின்றி இங்கே இறங்கமுடியாது.

வானூர்தியில் திரும்புவோர், ஒரே ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்கவேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. வானூர்தியின் உள்ளே காற்றழுத்தம் தரையைவிடக் குறைவாக இருப்பதால், உடலில் எஞ்சிய நைட்ரசன் குமிழிகளாக மாறக்கூடும். எனவே முகாமின் கடைசி நாள் முக்குளிப்பின்றியே திட்டமிடப்படுகிறது.

பயணத் திட்டத்தில் ஆக்சிசன் உருளை, முதலுதவியாளர், அவசரப் படகு, மிக அருகிலுள்ள அழுத்த அறை மருத்துவமனைக்குச் செல்லும் வழி ஆகியவை முன்னரே குறிக்கப்படவேண்டும். அழுத்தநீக்க நோய்க்கு அழுத்த அறைச் சிகிச்சையே முறையான தீர்வு.

## சுற்றுச்சூழல்

மிதவையைக் கட்டுப்படுத்தத் தெரியாதவரின் ஒரு துடுப்புக் காலணி வீச்சு, பல ஆண்டுகள் வளர்ந்த பவளக் கிளையை முறித்துவிடும். ஆதலால் மிதவைப் பயிற்சியில் தேறாதவர்கள் பவளத் திட்டுகளுக்கு அழைத்துச் செல்லப்படுவதில்லை. தேசிய மாணவர் படை 2021 திசம்பரில் கடற்கரைகளில் நெகிழிக் கழிவுகளை அகற்றும் 'புனீத் சாகர்' இயக்கத்தைத் தொடங்கியது. கரையில் பொறுக்கப்படாத கழிவு எங்கே சென்று சேர்கிறது என்பதை முக்குளிக்கும் மாணவர் கடலடியில் நேரில் காண்கிறார்.

## பிற நாடுகளில்

பிரித்தானியாவின் பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படையினர் முப்படைகளின் கூட்டுச் சாகசப் பயிற்சித் திட்டத்தின் கீழ் முக்குளிப்பைக் கற்கின்றனர். இங்கே பி.எஸ்.ஏ.சி. பாடத்திட்டம் பின்பற்றப்படுகிறது. அதன் முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவர் 20 மீட்டர் வரையும், அடுத்த நிலையினர் படிப்படியாக 35 மீட்டர் வரையும் செல்லலாம். குளிர்ந்த நீர் காரணமாக, உடலில் நீர் படாத உலர் உடை அங்கே பெரிதும் பயன்படுகிறது. தமிழகக் கடலின் வெப்பத்திற்கு மெல்லிய உடையே போதுமானது.

## இவற்றையும் பார்க்க

- தேசிய மாணவர் படை
- முத்துக்குளித்தல்
- பாயில் விதி
- அழுத்தநீக்க நோய்
- மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா